எதிரெதிரே வரும் இரண்டு பொருள்கள்: சீரான முடுக்கக் கணக்குகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயக்கவியல் சொல்லிக்கொடுக்கும்போது ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில்தான் வண்டி நிற்கிறது. ஒரு கார் மட்டும் ஓடுகிற கணக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறார்கள். எதிரே இன்னொரு வண்டி வந்துவிட்டால் பேனா நகர மாட்டேன் என்கிறது. அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நேரத்தை 'நே' என்று எழுதுகிறேன். உங்கள் நோட்டில் புத்தகத்தில் இருக்கும் எழுத்தையே போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று இயக்கச் சமன்பாடுகளும் மனப்பாடம். ஆனாலும் இரண்டு பொருள் வந்தால் எதை எடுப்பது என்று தெரியவில்லையே?

பெரும்பாலும் இரண்டாவதுதான்: இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × நே + ½ × முடுக்கம் × நே². நமக்கு வேண்டியது எப்போது, எங்கே என்ற இரண்டும்தான், அந்த இரண்டும் சேர்ந்து இருக்கிற சமன்பாடு இது. ஆனால் சமன்பாட்டைத் தேர்ந்தெடுப்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. 'சந்திப்பது' என்றால் என்ன என்று முதலில் யோசியுங்கள். நான் காலை 8 மணிக்கு நின்ற டீக்கடையில் நீங்கள் 9 மணிக்கு நின்றால் நாம் சந்தித்தோமா? இல்லை. ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தால்தான் சந்திப்பு. அதனால் இரண்டு பொருளுக்கும் 'நே நொடியில் எங்கே இருக்கும்' என்று தனித்தனியாக எழுதி, இரண்டையும் சமப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே புள்ளியிலிருந்து அளக்க வேண்டும், ஒரே கடிகாரத்தில் பார்க்க வேண்டும். பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான்: காரை அது நின்ற இடத்திலிருந்து அளப்பார்கள், பைக்கை அது வந்த இடத்திலிருந்து அளப்பார்கள், அப்புறம் இரண்டையும் சமம் என்று எழுதிவிடுவார்கள்.

ஒரு கணக்கை முழுசாகப் போட்டுக் காட்ட முடியுமா?

சரி. நேரான சாலை. ஒரு கார் நிற்கிறது. 300 மீட்டர் தள்ளி, அதை நோக்கி ஒரு பைக் மணிக்கு 72 கிலோமீட்டர் என்ற மாறாத வேகத்தில் வருகிறது. அந்தக் கணத்தில் கார் கிளம்பி, 2 மீ/வி² முடுக்கத்தோடு பைக்கை நோக்கிப் போகிறது. எப்போது, எங்கே சந்திக்கும்?

முதலில் 72-ஐ 5/18 ஆல் பெருக்கி 20 மீ/வி ஆக்குங்கள். இதை முதல் வரியிலேயே செய்துவிடுங்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்துபோகும். கார் நிற்கும் இடம் பூச்சியம், பைக் இருக்கும் பக்கம் நேர்க்குறி என்று வைத்துக்கொள்வோம்.

காரின் இடம் = ½ × 2 × நே² = நே²
பைக்கின் இடம் = 300 − 20நே

சமப்படுத்தினால் நே² + 20நே − 300 = 0. காரணிப்படுத்தினால் (நே + 30)(நே − 10) = 0. ஆக 10 நொடி. இடம் 10² = 100, அதாவது கார் கிளம்பிய இடத்திலிருந்து 100 மீட்டர். சரிபார்க்க பைக் போன தூரத்தையும் பாருங்கள்: 20 × 10 = 200. நூறும் இருநூறும் முந்நூறு, கணக்கு சரி. இந்தக் கூட்டலுக்கு ஐந்து நொடிதான் ஆகும், ஆனாலும் பரீட்சையில் யாரும் செய்வதில்லை.

−30 என்றும் ஒரு விடை வருகிறதே, அதை ஏன் தூக்கிப் போடுகிறோம்? 'நேரம் எதிர்க்குறியில் வராது' என்று எழுதினால் போதுமா?

மார்க் கிடைக்கும். ஆனால் அந்தக் காரணம் அரைகுறை. எதிர்க்குறி நேரம் என்றால் நாம் கடிகாரத்தை ஓடவிட்டதற்கு முந்தைய நேரம், அவ்வளவுதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. −30-ஐப் போட்டுப் பாருங்கள்: காரின் இடம் 900, பைக்கின் இடம் 300 + 600 = 900. உண்மையிலேயே ஒரே இடம்! சமன்பாடு சொல்வது இதுதான்: இந்தக் கார் எப்போதுமே அதே 2 மீ/வி² முடுக்கத்தில்தான் இருந்தது என்றால், 30 நொடிக்கு முன்னால் அது 900 மீட்டரில், மணிக்கு 216 கிலோமீட்டர் வேகத்தில் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்திருக்கும், வேகம் குறைந்து குறைந்து பூச்சியத்தில் வந்து நின்றிருக்கும். ஆனால் கணக்கில் கார் சும்மா நின்றுகொண்டிருந்தது என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சமன்பாடு கார் கிளம்பிய பிறகுதான் செல்லும், அதனால்தான் −30 கழிகிறது. ஒரு சமன்பாடு எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை செல்லும் என்ற இந்தக் கேள்வி கீழே திரும்பத் திரும்ப வரப்போகிறது, கவனமாக இருங்கள்.

சந்திக்கும்போது இரண்டு பேருடைய வேகமும் சமமாகத்தானே இருக்கும்?

இல்லவே இல்லை. மேலே உள்ள கணக்கில் 10-வது நொடியில் கார் 20 மீ/வி, பைக்கும் 20 மீ/வி. நான் எடுத்த எண்களால் தற்செயலாக அப்படி அமைந்துவிட்டது. 300-க்குப் பதில் 125 மீட்டர் போட்டால் நே² + 20நே − 125 = 0, அதாவது 5 நொடி. அப்போது காரின் வேகம் 10 மட்டும்தான். வேகம் சமமாகும் நொடிக்கு அர்த்தம் இருப்பது ஒன்றை இன்னொன்று பின்னால் துரத்தும் கணக்கில். அங்கே இடைவெளி மிகக் குறைவாகவோ அதிகமாகவோ இருப்பது அந்த நொடியில்தான். அதை இங்கே கொண்டுவந்து ஒட்டக்கூடாது.

பிரேக் போட்டால் முடுக்கம் எப்போதும் எதிர்க்குறிதானே?

இதுதான் வருடா வருடம் என்னைப் பாடாய்ப் படுத்தும் கேள்வி. குறி என்பது திசைக்கு. கூடுகிறதா குறைகிறதா என்பதற்கு அல்ல. மேலே பைக் நம்மை நோக்கி வருகிறது, அதன் திசைவேகம் −20. அது பிரேக் போட்டால் முடுக்கம் அதன் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் இருக்கும், ஆக நேர்க்குறி. இன்னும் முறுக்கினால் எதிர்க்குறி. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியில் இருந்தால் வேகம் கூடும், வேறு வேறு குறி என்றால் குறையும்.

குறியே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் திசையில் போன தூரத்தைத் தனியாகக் கண்டுபிடித்து, 'இரண்டின் கூட்டல் = ஆரம்ப இடைவெளி' என்று எழுதலாம். வண்டிகளுக்கு இது ஜோராக வேலை செய்யும். ஆனால் போன பொருள் நடுவில் திரும்பி வந்துவிட்டால் கவிழ்ந்துவிடும். கல் கணக்கில் அதைப் பார்ப்போம்.

இரண்டு ரயில்கள் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வந்து, இரண்டும் பிரேக் போடுகின்றன. சார்புத் திசைவேகம் (ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று நெருங்கும் வேகம்) வைத்து ஒரே வரியில் போடலாமா?

போடலாம் என்றுதான் பல கைடுகளில் இருக்கும். அதில் ஒரு குழி இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு ரயில் 20 மீ/வி, இன்னொன்று 15 மீ/வி. இரண்டு ஓட்டுநர்களும் ஒருவரை ஒருவர் பார்த்து ஒரே நொடியில் பிரேக் போடுகிறார்கள், இரண்டுக்கும் எதிர்முடுக்கம், அதாவது வேகம் குறையும் வீதம், 1 மீ/வி². அப்போது இடைவெளி 310 மீட்டர். மோதுமா?

சார்பு முறைக்காரர் சொல்வார்: சார்புத் திசைவேகம் 35, சார்பு எதிர்முடுக்கம் 2. நிற்கத் தேவையான தூரம் 35² ÷ (2 × 2) = 306.25 மீட்டர். இருப்பது 310. ஆகவே 3.75 மீட்டர் மிச்சம், தப்பித்தார்கள்.

இப்போது தனித்தனியாகப் போடுங்கள். முதல் ரயில் நிற்க 20² ÷ 2 = 200 மீட்டர். இரண்டாவது நிற்க 15² ÷ 2 = 112.5 மீட்டர். மொத்தம் 312.5 மீட்டர் வேண்டும், இருப்பதோ 310. மோதும்!

எங்கே போனது அந்த 6.25 மீட்டர்? மெதுவாக வந்த ரயில் 15-வது நொடியில் நின்றுவிட்டது. ஆனால் சார்பு முறை அதற்குப் பிறகும் அதன் முடுக்கம் தொடர்வதாக நினைத்துக்கொண்டு, அந்த ரயிலைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறது. சார்புத் திசைவேகம் பூச்சியமாகும் 17.5-வது நொடியில், சமன்பாட்டின் கணக்குப்படி அது 2.5 மீ/வி வேகத்தில் பின்னால் போய்க்கொண்டிருக்கும். நிஜத்தில் பிரேக் வண்டியை நிறுத்தும், பின்னால் தள்ளாது. நின்ற ரயில் நின்றதுதான். முதல் ரயில் 197.5 மீட்டர் வந்ததும் அதன்மேல் மோதும். அப்போது அதன் வேகத்தின் வர்க்கம் 400 − 395 = 5, வேகம் சுமார் 2.24 மீ/வி, அதாவது மணிக்கு 8 கிலோமீட்டர்.

ஆக, சார்பு முறை தப்பில்லை. இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் அது செல்லும். இரண்டும் ஒரே நொடியில் நிற்கும் கணக்கில் சரியான விடையே தரும், உதாரணமாக வேகமும் எதிர்முடுக்கமும் இரண்டுக்கும் சமம் என்றால். வேறு வேறு நேரத்தில் நிற்கும் என்றால் தனித்தனியாகப் போடுவதே பிழைப்பு.

நிஜ ரயில்களில் ஓட்டுநர் கண்ணால் பார்த்துப் பிரேக் போட்டு நிறுத்துவதை நம்பி இருக்க முடியாது என்பதற்காகத்தான் இந்திய ரயில்வே 'கவச்' என்ற தானியங்கிப் பாதுகாப்பு அமைப்பைக் கொண்டுவந்தது. 2022 மார்ச் 4 அன்று தெலங்கானாவில் குல்லகூடா – சிட்கிட்டா நிலையங்களுக்கு இடையே நம் கணக்கைப் போலவே எதிரெதிரே ரயில்களை ஓட்டிச் சோதித்தார்கள். ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவே ஒரு ரயிலில் ஏறியிருந்தார். இடையே 380 மீட்டர் இருக்கும்போதே அமைப்பு தானாகப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டது.

வரைபடம் போட்டால் இது சுலபமாகுமா?

ரயில் கணக்குக்கு அதைவிடச் சுலபமான வழியே கிடையாது. நேரத்துக்கு எதிராக வேகத்தை வரையுங்கள். கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் தூரம். முதல் ரயில்: உயரம் 20, அடி 20 உள்ள முக்கோணம், பரப்பு 200. இரண்டாவது: உயரம் 15, அடி 15, பரப்பு 112.5. முக்கோணம் அச்சைத் தொட்ட இடத்தில் முடிந்துவிடுகிறது என்று கண்ணுக்கே தெரிவதால், ரயிலைப் பின்னோக்கி ஓட்டும் தப்பை யாரும் செய்ய மாட்டார்கள்.

மேலிருந்து ஒரு கல், கீழிருந்து ஒரு கல். இதில் புவியீர்ப்பு முடுக்கமே காணாமல் போகிறதே, எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. 60 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல்லைச் சும்மா விடுகிறோம். அதே நொடியில் நேர் கீழே தரையிலிருந்து இன்னொன்றை 30 மீ/வி வேகத்தில் மேலே எறிகிறோம். முடுக்கத்தை 10 என்று வைப்போம்.

மேல் கல்லின் உயரம் = 60 − 5நே²
கீழ்க் கல்லின் உயரம் = 30நே − 5நே²

சமப்படுத்தினால் 5நே² இரண்டு பக்கமும் அடிபட்டு 60 = 30நே, ஆக 2 நொடி. இருபடிச் சமன்பாடே இல்லை! இரண்டு கல்லையும் பூமி ஒரே மாதிரிதான் இழுக்கிறது, அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பார்த்தால் முடுக்கம் பூச்சியம், மாறாத 30 மீ/வி வேகத்தில் நெருங்குவதாகத்தான் தெரியும். இங்கே சார்பு முறை தங்கம். இதே கணக்கை நிலவில் செய்தாலும் 2 நொடிதான். அங்கே முடுக்கம் சுமார் 1.62, ஆகவே சந்திக்கும் இடம் மட்டும் மாறும்: பூமியில் 40 மீட்டர் உயரத்தில், நிலவில் கிட்டத்தட்ட 56.8 மீட்டர் உயரத்தில்.

இப்போது எறியும் வேகத்தை 20 ஆக்குங்கள். 60 ÷ 20 = 3 நொடி. மேல் கல் 45 மீட்டர் விழுந்திருக்கும், உயரம் 15. கீழ்க் கல் 2-வது நொடியிலேயே உச்சிக்கு (20 மீட்டர்) போய்விட்டு, இறங்கி வரும் வழியில் 15-ல் சந்திக்கிறது. அது நடந்த தூரம் 25 மீட்டர், இடப்பெயர்ச்சி 15. 45 + 25 = 70, ஆனால் இருப்பது 60. தூரங்களைக் கூட்டும் முறை இங்கே கவிழ்ந்தது, பார்த்தீர்களா?

வேகத்தை 15 ஆக்கினால்? 60 ÷ 15 = 4 நொடி என்று அழகாக வரும். எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். 4 நொடியில் மேல் கல் 80 மீட்டர் விழ வேண்டும், அதாவது தரைக்கு 20 மீட்டர் கீழே சந்திப்பு! கிணறு வெட்டி வைத்திருந்தால் ஒழிய நடக்காது. மேல் கல் 3.46 நொடியில் தரையைத் தொட்டதும் அந்தச் சமன்பாடு காலாவதி. காற்றில் சந்திக்க வேண்டுமென்றால் எறியும் வேகம் குறைந்தது √(10 × 60 ÷ 2), சுமார் 17.3 மீ/வி-க்கு மேல் இருக்க வேண்டும். ஏறும்போதே சந்திக்க வேண்டுமென்றால் √(10 × 60), சுமார் 24.5-க்கு மேல்.

ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் கிளம்பினால்?

பின்னால் கிளம்பியது குறைவான நேரம்தான் ஓடியிருக்கும், ஆகவே அதற்கு (நே − தாமதம்). கூட்டல் அல்ல. 154 மீட்டர் இடைவெளியில் இரண்டு பைக்குகள் நிற்கின்றன. முதலாவது 2 மீ/வி² முடுக்கத்தில் கிளம்புகிறது, 4 நொடி கழித்து இரண்டாவது 3 மீ/வி² முடுக்கத்தில் எதிரே கிளம்புகிறது. நே² + 1.5(நே − 4)² = 154. விரித்தால் 5நே² − 24நே − 260 = 0, விடை 10 நொடி. 100 + 54 = 154, சரி. இன்னொரு மூலம் −5.2. விடை 4-க்குக் குறைவாக வந்தால் நேர்க்குறியாகவே இருந்தாலும் நம்பாதீர்கள், இரண்டாவது பைக் அப்போது கிளம்பவே இல்லை. அப்படி வந்தால் நின்றுகொண்டிருக்கும் பைக்கை முதலாவது அடைகிற கணக்காக மாற்றிப் போட வேண்டும்.

ஓட்டுநர் பிரேக் மிதிக்க எடுக்கும் நேரத்தை எப்படிச் சேர்ப்பது?

அந்த நேரம் முழுக்க வண்டி பழைய வேகத்திலேயே ஓடும். அந்தத் தூரத்தைத் தனியாகக் கூட்டுங்கள். குறுகிய பாலத்தில் இரண்டு கார்கள், இரண்டுமே 20 மீ/வி, பிரேக் மிதிக்க 1 நொடி, எதிர்முடுக்கம் 5 மீ/வி². ஒவ்வொன்றுக்கும் 20 + 400 ÷ 10 = 60 மீட்டர், இரண்டுக்கும் 120. வேகம் பாதியானால், அதாவது 10 மீ/வி என்றால், 10 + 100 ÷ 10 = 20, இரண்டுக்கும் 40. வேகம் பாதி, தேவையான இடைவெளி மூன்றில் ஒரு பங்கு. வளைவில் எதிரே வருவது தெரியாத மலைப்பாதையில் மெதுவாகப் போகச் சொல்வது இந்தக் கணக்குக்காகத்தான்.

இரண்டு வண்டிக்கும் நடுவே பறவை போய்ப் போய்த் திரும்புகிற கணக்கு?

பயமுறுத்தும், ஆனால் ஒன்றுமில்லை. முதல் கணக்கில் கார் கிளம்பும்போதே ஒரு பறவை 25 மீ/வி வேகத்தில் பைக்குக்கும் காருக்கும் இடையே மாறி மாறிப் பறக்கிறது என்று வையுங்கள். வண்டிகள் 10 நொடியில் சந்திக்கின்றன, பறவை பறந்தது 25 × 10 = 250 மீட்டர். ஒவ்வொரு திருப்பத்தையும் தனித்தனியாகக் கணக்குப் பண்ண உட்கார்ந்தால் விடியும்.

இரண்டும் நின்ற நிலையிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பினால் குறுக்குவழி உண்டா?

உண்டு. நேரம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் இடைவெளி, முடுக்கங்களின் விகிதத்திலேயே பிரியும். முடுக்கம் 2-ம் 3-ம் என்றால் 200 மீட்டர் 80-ம் 120-மாகப் பிரியும். ஏதாவது ஒன்றுக்குத் தொடக்க வேகம் இருந்தால் இதைத் தொடாதீர்கள்.

எனக்கு ஒரு கணக்கு கொடுங்கள், போட்டுப் பார்க்கிறேன்.

நிற்கும் ஒரு கார் 4 மீ/வி² முடுக்கத்தில் கிளம்பி, 20 மீ/வி ஆனதும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. 250 மீட்டர் தள்ளி எதிரே ஒரு ஆட்டோ மாறாத 10 மீ/வி-ல் வருகிறது. எப்போது சந்திக்கும்?

விடை 10 நொடி, கார் கிளம்பிய இடத்திலிருந்து 150 மீட்டர். உங்களுக்கு 8.96 வந்ததா? அப்படியென்றால் 5-வது நொடியில் முடுக்கம் முடிந்த பிறகும் காரை முறுக்கிக்கொண்டே போயிருக்கிறீர்கள், சந்திக்கும்போது அது மணிக்கு 129 கிலோமீட்டரில் இருந்திருக்கும். முதல் 5 நொடியைத் தனியாகப் போடுங்கள்: கார் 50, ஆட்டோ 50, மிச்சம் 150 மீட்டர். அதற்கப்புறம் இரண்டும் மாறாத வேகம், நொடிக்கு 30 மீட்டர் நெருங்குகின்றன.